எண்ணெய் எரியாத சாமத்தியவீடு

இந்த நாடு இனிமேல் பிறநாட்டு எண்ணெயை நம்பி இருக்காது எண்டு மேலிடத்தில தீர்மானமாகி, அந்த மகத்தான பொறுப்பு படிப்படியா இறங்கி, கடைசியில லண்டன் பிளேஸ்டோவில உள்ள ஒரு விழா மண்டபத்தின்ர தலையில வந்து விழுந்தது. விழா நாயகியும் அவரை அழைத்து வருவோரும் எண்ணெய் எரித்து வரலாகாது என்பது உத்தரவு. விருந்தாளியளைப் பற்றி அதில ஒரு சொல்லும் இல்லை.

மாட்டுப்பட்டது கிருஷ்ணராசா அண்ணை. பெரியபிள்ளையான மகள் கோசிகாவுக்கு வாற சனிக்கிழமை சாமத்தியவீடு. மச்சான் பிரியந்தன் தன்ர மூத்தவளை லிமோசினில கொண்டுவந்து இறக்கினவர். அதை வெல்ல அண்ணை ஹெலிகொப்டர் பிடிச்சு வச்சிருந்தார்.

மகளையும் கூட்டிக்கொண்டு மண்டப அலுவலகத்துக்கு ஓடினார். அதிகாரி டொலறஸ் எங்கட ஆள்தான். கழுத்தில அட்டை தொங்கினா அவவுக்கு ஊரும் தெரியாது, உறவும் தெரியாது.

"ஹெலிகொப்டர் எதில ஓடுது?"

"எண்ணெயிலதான், பிள்ளை."

"அப்ப ஏலாது."

"குதிரை வண்டி?"

"குதிரை எப்பிடி வரும்?"

"எசெக்ஸில இருந்து லொறியில."

"ஏலாது."

அண்ணை தலையைச் சொறிஞ்சார். "சரி, பல்லக்கு. நாலு பெடியள் தூக்குவாங்கள்."

"பெடியள் எதில வருவாங்கள்?"

"காரிலதான். அவங்கள் பால் வாங்கவே காரிலதானே போறவங்கள்!"

"அதுவும் ஏலாது. மண்டபத்தை வேற ஆருக்கும் குடுக்கவேண்டி வரும், அண்ணை."

அண்ணைக்கு அழுகையே வந்திட்டுது. "நானூறு பேருக்குச் சொல்லியாச்சு. என்ர மானம் கப்பலேறப் போகுது!"

கோசிகா போனில இருந்து தலையை நிமிர்த்தினாள். "அப்பா, இந்த ஹோல் எங்கட வீட்டுக்கு முன்னாலதானே? நான் நடந்து வாறன்."

எங்கட சனத்தின்ர சரித்திரத்திலயே ஒருத்தருக்கும் தோன்றாத யோசனை. டொலறஸ் உடனே அனுமதி குடுத்திட்டா.

சனிக்கிழமை பிள்ளை சாறி கட்டி, றோட்டைக் கடந்து நடந்து வந்தாள். சனம் வாயைப் பிளந்தது. "ஐயோ, என்ன வடிவா நடக்கிறாள்! இப்பிடி ஒரு வரவு நாங்கள் கண்டதில்லை!" அண்ணை பிரியந்தனை ஒரு பார்வை பார்த்தார், பாருங்கோ! பிறநாட்டு எண்ணெயிலிருந்து முழு விடுதலை பெற்ற முதல் விழா எண்டு டொலறஸ் மேடையேறி அறிவிச்சா.

பிரியந்தன் சும்மா இருப்பாரே? அடுத்த மாசம் தன்ர இளையவளின்ர சாமத்தியவீட்டுக்கு அவளை முழு மைல் நடத்திக் கூட்டிவாறாராம். பின்னால நடக்கிறதுக்கு ரொறொன்ரோவில இருந்து முப்பது சொந்தக்காரர் பிளேனில வருகினம். எயார்போட்டில இருந்து ஏத்த ஆறு வான். டொலறஸும் ஓமெண்டிட்டா. பிள்ளை நடக்கிறாள்தானே, மற்றவை விருந்தாளியள்தானே!

எனக்கும் அழைப்பு வந்திருக்கு. நான் இருக்கிறது ரண்டு தெரு தள்ளித்தான். எண்டாலும் பார்க்கிங் கிடைக்காது, விடியவே காரை எடுக்கவேணும்.