'கட்' சொல்லாத இயக்குநர்

காவிரிக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் இதுவரை பிறந்த, இனிமேல் பிறக்கப்போகிற இயக்குநர்களில், வாழ்நாளில் ஒருமுறைகூட 'கட்' என்று சொல்லாதவர் ஒருவர்தான். மன்னார்புரத்தில் அவரை 'ஓடுது' என்போம். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது கேஸ் சிலிண்டர் வாங்க மட்டும் பயன்பட்டது.

அவர் கேமரா முன்னால் உட்கார்ந்தவர்கள் பேசி முடிப்பார்கள். அப்பாடா என்று சட்டைப் பொத்தானைக் கழற்றுவார்கள், பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டுவார்கள், காது குடைவார்கள். அப்புறம்தான் கேமராவில் சிவப்பு விளக்கைப் பார்த்துப் பதறுவார்கள்.

"ஐயோ, ஆஃப் பண்ணலையாங்க?"

"ஓடுதுங்க."

ஏன் இப்படி என்று கேட்டால் அவரிடம் ஒரு தத்துவம் இருந்தது. "பேசி முடிச்சப்புறம்தான் சார் மனுஷனுக்கு மூஞ்சியே வருது. அதுக்கு முன்னாடி வர்றதெல்லாம் ரேஷன் கார்டு போட்டோ."

அவருடைய ஆபீஸ் கீழ்த்தளம், என் வீடு மாடி. அந்த உறவில் அவர் படங்களுக்கெல்லாம் பின்னணிக் குரலுக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். சன்மானம் ஏலக்காய் டீ. தத்துவத்தின் பாரத்தைச் சுமந்தது நானல்ல, பாலக்கரையிலிருந்து வந்த எடிட்டர் ஷாஹிதா. "அண்ணன் பாட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுறாரு. யா அல்லாஹ், நேத்து பொழுதன்னிக்கும் ஒருத்தர் பல்லு குத்துறதையே பார்த்துக்கிட்டு இருந்தேங்க" என்று என்னிடம் முறையிடும்.

வார்டு தேர்தலுக்கு ஒரு வேட்பாளர் பிரச்சாரப் படம் கேட்டு வந்தார். 'குப்பையில்லா வார்டு, அதுவே என் கனவு' என்று நான் எழுதியதை அவர் கண்கலங்கப் பேசினார். முடித்ததும் டீ குடித்தார். பேப்பர் கப்பைச் சாக்கடையில் எறிந்தார். குறி தப்பாமல் அதன்மேலேயே துப்பவும் செய்தார். ஓடுது அதையும் சேர்த்துப் படமாக்கி, வேட்பாளருக்கே போட்டுக் காட்டினார்.

"தம்பி, இது எனக்கு ஓட்டு கேக்குற படமா, எதிராளிக்குக் கேக்குற படமா?"

"உண்மையக் காட்டுற படம்ங்க."

"உண்மைக்கு நம்ம வார்டுல எத்தனை ஓட்டுங்க இருக்கு?"

ஓடுது டீ குடிக்கப் போன நேரத்தில் ஷாஹிதா அந்த இடத்தை வெட்டிவிட்டுப் படத்தைக் கொடுத்தனுப்பியது. வேட்பாளர் அமோகமாக ஜெயித்தார். சாக்கடை சௌக்கியமாக இருக்கிறது. ஓடுது ஒரு வாரம் ஷாஹிதாவோடு பேசவில்லை.

அடுத்தது பாட்டு வீடியோ. பாடுகிற பையனின் அப்பா துபாயில் இருந்தார். லால்குடி பக்கம் வயல் நடுவே, உச்சி வெயிலில், பையன் தோல் ஜாக்கெட்டோடு காதல் தோல்வியைப் பாடி முடித்தான். முடித்துத் திரும்பியவன் முழங்கால்வரை சேற்றில் இறங்கிவிட்டான். நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நாற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்து இழுத்தார்கள். "இந்த வெயில்ல எதுக்குப்பா தோல் சட்டை? கழட்டு சாமி, வெந்துருவே" என்று ஓர் அம்மாள் அதட்ட, பையன் நிஜமாகவே அழுதான். வெளிவந்த வீடியோவில் பாட்டைவிட இழுத்த பகுதி நீளம். துபாயிலிருந்து போன் வந்தது. "எம் புள்ளைய ஹீரோவாக் காட்டுங்கன்னா, குட்டையில விழுந்த எருமையால்ல காட்டியிருக்கீங்க!" அதற்குப் பிறகு லால்குடி தாண்டியும் யாரும் அவரைப் பாட்டுக்குக் கூப்பிடவில்லை.

இந்த நிலையில்தான் அவருடைய அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். சர்ச்சுக்குப் பின்னால் குடியிருந்த ரிடையர்டு கணக்கு வாத்தியார், ஊருக்கே மேத்ஸ் சார். மகன் எடுத்த எதையும் பார்த்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து தீர்ப்புச் சொன்னார்.

"டேய், லால்குடி ஸ்கூல்ல கம்ப்யூட்டர் வாத்தியார் வேலை காலியா இருக்கு. உன் படம் ஒண்ணே ஒண்ணு பார்க்கிறேன். நீ செய்யறது ஒரு வேலைன்னு எனக்குத் தோணுச்சுன்னா விட்டுடறேன். தோணலைன்னா ஜூன்ல போய்ச் சேர்ந்துடணும்."

ஓடுது மாடிக்கு வந்தார். கேமரா இல்லாமல் அவரை நான் பார்த்தது அன்றுதான். கை எதையோ தொலைத்தது போலத் தொங்கியது. "சார், எதைக் காட்டுறது? துப்புறதையா, சேத்தையா?"

மிச்சமிருந்தது அவருடைய சொந்தப் படம். சில வருஷங்களாக அப்பாவையே எடுத்துவந்தார். 'உட்கார்ந்த இடத்திலேயே உன்னைத் திட்டலாம்' என்ற ஒரே காரணத்துக்காக மேத்ஸ் சாரும் சம்மதித்திருந்தார். திட்டெல்லாம் தரமான திட்டு. "எனக்குக் கணக்குல தப்பே வராது. வந்த ஒரே தப்பு, கேமராவுக்குப் பின்னாடி நிக்குது."

ஷாஹிதா ராப்பகலாக அதைத் தொகுத்தது. ஒருநாள் எங்கள் இருவரையும் கூப்பிட்டு ஒரு துண்டைக் காட்டியது. மே மாத வெயில். மேத்ஸ் சார் திட்டி முடிக்கிறார். மகன் தண்ணீர் குடிக்க உள்ளே போகிறார். கேமரா வழக்கம்போல ஓடுகிறது. மேத்ஸ் சார் எழுந்து, தன் பக்கம் காற்று வீசிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனைத் தூக்கி, கேமராவுக்குப் பின்னால் மகன் நிற்கிற இடத்தைப் பார்க்கத் திருப்பி வைக்கிறார். பிறகு போய் உட்கார்ந்து, தோள் துண்டால் விசிறிக்கொள்கிறார். மகன் வந்து, எதையும் கவனிக்காமல், "ஆரம்பிக்கலாமாப்பா?" என்கிறார்.

ஓடுது அதை மறுபடி மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

முதல் வரியில் நான் சொன்னது கொஞ்சம் பொய். ஒரே ஒரு தடவை சொன்னார்.

"கட் பண்ணிடும்மா."

ஷாஹிதா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டது. "அண்ணே! அந்தாளு துப்புனதை வெட்டுனதுக்கு ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தீங்க!"

"அது வேற. இது அப்பாவுக்குத் தெரியாம எடுத்தது. நாலு பேரு முன்னாடி போட்டா கூசிப்போயிடுவாரு."

"இதுதாங்க அவரைக் கரைக்கும். உங்க ஜூன் மாசமே இதுலதான் இருக்கு" என்றேன்.

"அதுக்காகவே வேணாம் சார்" என்றார். ஊரான் மானத்தையெல்லாம் சேற்றோடு காட்டிய மனிதருக்கு அப்பாவின் ஃபேன் மட்டும் அந்தரங்கம்!

ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில், ஃபிலிம் கிளப்காரர்கள் படத்தைத் திரையிட்டார்கள். கிளப் செயலாளர் திருமண் துலங்க வாசலில் நின்று, "வாங்கோ, கோஷ்டி சேர்ந்தாச்சு, ஆரம்பிச்சுடலாமோன்னோ?" என்று வரவேற்றார். மேத்ஸ் சார் இஸ்திரி போட்ட சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்தார். தன் திட்டுக்கெல்லாம் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்ததை முகம் மாறாமல் கேட்டார். படம் முடிந்ததும் செயலாளர் மைக்கை நீட்டினார். "ஸ்வாமி ரெண்டு வார்த்தை சாதிக்கணும்." மேத்ஸ் சார் "நன்றி" என்று ஒரே வார்த்தை சாதித்துவிட்டு, நேராக மகனிடம் வந்தார். நானும் ஷாஹிதாவும் ஜூன் மாதத்தைக் கண்ணெதிரே பார்த்தோம்.

"ஏன்டா, ஃபேனைத் திருப்பி வெச்சேனே, அது எங்க?"

"அப்பா... கேமரா ஓடுனது உங்களுக்குத் தெரியுமா?"

"உன் கேமரா நிக்காதுன்னு ஊரே சொல்லுது, எனக்குத் தெரியாதா? வாயால சொல்ல எனக்கு வராது. அதான் அதுல வெச்சேன். நீ பெரிய இவன் மாதிரி அதை வெட்டிட்டே." செருப்பை மாட்டிக்கொண்டே, "போய் அதைச் சேரு. செய்யற வேலைய முழுசாச் செய்யணும்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

வேலை என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். ஷாஹிதா என் கையைக் கிள்ளியது. ஓடுது அங்கேயே ஒரு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். மேசைமேல் அவர் கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாங்கள் யாரும் அதை நிறுத்தவில்லை.

லால்குடி ஸ்கூலுக்கு வேறு யாரோ வாத்தியாராகப் போனார்கள். ஃபேன் படத்தில் சேர்ந்தது. 'அப்பா அன்னிக்கு நடிச்சாரா சார், நெசமா?' என்று ஓடுது இன்றைக்கும் என்னைக் கேட்கிறார், தத்துவம் ஆட்டம் கண்டுவிட்ட கவலையில்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான். எப்போதாவது அவர் என்னையும் கேமரா முன்னால் உட்கார வைக்கிறார். பேசி முடித்த பிறகு நான் எழுந்துவிடுவதில்லை. அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். ஓடட்டும்.