வைட்டமின் சி போட்ட கூரை

மனித நாகரிகத்தை இரண்டு காலங்களாகப் பிரிக்கலாம்: கான்கிரீட்டுக்கும் உடம்பு முடியாமல் போகும் என்று யாருக்கும் தோன்றாத காலம், தோன்றிவிட்ட காலம். இரண்டாவது காலம் எங்கள் கட்டுமானத் துறை அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்குத் தொடங்கியது. நேரம் எனக்குத் துல்லியமாகத் தெரியும். கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.

எங்கள் தலைமைப் பொறியாளரைப் 'பெரியவர்' என்போம். அவருக்கு மூன்று வாரமாக விடாத சளி. வைட்டமின் சி மாத்திரை சாப்பிட்டார், சளி போய்விட்டது. அதே வாரம் ஓர் ஆய்விதழில் ஒரு கட்டுரையைப் படித்தார். வைட்டமின் சி தூளைத் துளியளவு கலந்தால் கான்கிரீட் சற்றுத் தாமதமாக இறுகும், வெயில் காலத்தில் அது வசதி, கம்பி துருப்பிடிப்பதும் குறையலாம், மேலும் ஆராய வேண்டும் என்று அதில் இருந்தது. சளி போனதும் கட்டுரை கிடைத்ததும் தற்செயல் என்று சாதாரண மூளை நினைக்கும். பெரியவருடையது சாதாரண மூளை அல்ல.

"என்னைப் பாருங்க. இருமல் போச்சு, அலுப்பு போச்சு. ஓய்வு பெறப் போற உடம்புக்கே இவ்வளவு பண்ணுதுன்னா, புதுக் கட்டடத்துக்கு என்னதான் பண்ணாது?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. 'உறுப்பினர்கள் ஏகமனதாக வரவேற்றனர்' என்று எழுதிக்கொண்டேன்.

அரசு மருத்துவமனையில் நோயாளிகள் காத்திருக்க ஒரு கூடம் கட்டிக்கொண்டிருந்தோம். அதன் கூரைக்குத்தான் அந்தப் பாக்கியம் வாய்த்தது. அடுத்த கேள்வி வைட்டமினை எங்கே வாங்குவது என்பது. கொள்முதல் பிரிவின் அதிகாரி அம்மா கோப்பைத் திறந்தார்.

"தூள் நம்ம பட்டியல்லயே இல்ல சார். மாத்திரை இருக்கு. சுகாதாரத் துறைக்கு வாங்கினதுல நாப்பது அட்டைப்பெட்டி மிச்சம். சப்பிச் சாப்பிடுறது, ஆரஞ்சு ருசி."

"வைட்டமின் இருக்குல்ல?"

"பெட்டி மேலயே இவ்ளோ பெருசாப் போட்டிருக்கு சார்."

பெட்டியின் பக்கவாட்டில், பொடி எழுத்தில், முக்கால் பங்கு சர்க்கரை என்றும் போட்டிருந்தது. சர்க்கரை விழுந்த கலவை இறுகாது என்பது சித்தாளுக்கும் தெரியும். வேலையிடத்தில் டீ வாளியைக் கலவைப் பக்கம் கொண்டுவந்தாலே மேஸ்திரிகள் சத்தம் போடுவார்கள். எங்களுக்கு டீ மேசைக்கே வந்துவிடுவதால் இந்த அறிவு இரண்டாம் மாடிவரை ஏறி வரவில்லை.

இனி ஆய்வகத்தின் பெருமை. புதுக் கலவை எதுவானாலும் அதில் சிறு கட்டிகளை வார்த்து, ஏழு நாள் தண்ணீரில் ஊறவைத்து, எந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்க்க வேண்டும். கட்டி தாங்கினால் கலவை பாஸ். இதற்கு 'க்யூப்' என்று பெயர்; இதையே இருபத்திரண்டு வருடமாகச் செய்துவரும் ஆய்வக உதவியாளருக்குக் க்யூப் அண்ணன் என்று பெயர். சோதனைக்கென்று நான்கு பெட்டி மாத்திரை அவரிடம் போனது.

அந்த வாரம் பார்த்து அடைமழை. ஆய்வகமே தும்மிக்கொண்டிருந்தது.

"என்ன ஏதுன்னு பார்க்காம எதையும் கலக்கக் கூடாதுப்பா," என்று க்யூப் அண்ணன் முதல் மாத்திரையை வாயில் போட்டார். நன்றாக இருந்தது. மற்றவர்களும் பார்த்தார்கள். நானும் அறிவியல் ஆர்வத்தில் தினமும் ஆய்வகத்துக்குப் போய்வந்தேன். வாரக் கடைசியில் க்யூப் வார்க்கும்போது பெட்டிகளில் அட்டைதான் மிச்சம்.

"இப்ப என்னண்ணே பண்றது?" என்றேன்.

"என்ன பண்றது? வெறும் கான்கிரீட்லயே போட வேண்டியதுதான். உடைச்சுப் பார்த்தா தெரியவா போகுது?"

தெரியவில்லை. வைட்டமின் கான்கிரீட்டின் வலிமை சாதாரண கான்கிரீட்டின் வலிமைக்கு இம்மியும் குறையவில்லை என்று அறிக்கை எழுதினேன். இம்மியும் கூடவும் இல்லை. இத்தனை துல்லியத்தைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்று பெரியவர் கண் கலங்கினார். மீதி முப்பத்தாறு பெட்டியையும் தண்ணீரில் கரைத்துக் கூரைக்கான கலவையில் ஊற்றிவிட்டார்கள். பதினான்காம் நாள் அடியிலிருக்கும் முட்டுக் கம்புகளையும் பலகைகளையும் பிரிப்பது, பதினைந்தாம் நாள் திறப்பு விழா என்று முடிவாயிற்று.

பன்னிரண்டாம் நாள் காலை, அந்தக் கட்டடத்தின் மேஸ்திரி என் மேசைக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சார், ஓரத்துல ஒரு பலகையக் கழட்டிப் பார்த்தேன். மேல ஏடு கட்டின மாதிரி இறுகியிருக்கு. அடியில ஆணிய வச்சு அழுத்தினா கையாலயே உள்ள போகுது. சுத்தியலே வேணாம் சார்."

"சோதனைல பாஸ் ஆயிடுச்சே மேஸ்திரி."

"நீங்க எதைச் சோதிச்சீங்கன்னு எனக்குத் தெரியாது சார். இது சர்க்கரை. நக்கியே பார்த்துட்டேன். முட்டுக் கம்ப எடுத்தோம்னா அப்படியே உக்காந்துரும். பெரிய சார் ரூமுக்குப் போனேன், எதுவா இருந்தாலும் எழுதிக் குடுன்னு வாசல்லயே அனுப்பிட்டாங்க. எனக்குக் கையெழுத்துதான் வரும், எழுத வராது. நீங்க நாலு வரி எழுதிக் குடுங்க சார்."

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"அந்த ஆஸ்பத்திரியக் கூட்டுறது என் வீட்டுக்காரிதான். தினம் காலைல ஆறு மணிக்கு அந்த ஹாலுக்குள்ள முதல்ல போகப் போறவ அவதான் சார்."

"சாயங்காலம் வாங்க, எழுதி வைக்கிறேன்," என்றேன்.

உட்கார்ந்து, 'மதிப்பிற்குரிய ஐயா' என்று எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. கூரை இறுகவில்லை என்று எழுதினால், க்யூப் மட்டும் எப்படி இறுகியது என்று கேட்பார்கள். அதற்கான விடையைத்தான் நாங்கள் சப்பிச் சாப்பிட்டிருந்தோம். எனக்கு வேலை போய்விடுமோ என்று பயம். வேறு காரணம் ஒன்றும் இல்லை. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் மேஸ்திரி முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு கையெழுத்துப் போட வந்தார்.

"எழுத வேண்டிய அவசியமே இல்ல மேஸ்திரி. நானே மேல சொல்லிட்டேன். எல்லாம் சரியா இருக்குன்னு பார்த்துட்டாங்க."

"கூரைய வந்து பார்த்தாங்களா சார்?"

"பார்த்துட்டாங்க."

"அப்பாடா. நீங்க சொன்னா சரிதான் சார்," என்றார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. சொன்ன நாளில் தன் ஆட்களை வைத்து எல்லா முட்டுக் கம்புகளையும் அவரே பிரித்தார்.

திறப்பு விழா பிரமாதம். வெளியே பந்தலில் பெரியவர் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். 'ஆரோக்கியமான கட்டடம்' என்ற சொற்றொடர் பதினேழு முறை வந்தது. மறுநாள் காலை ஆறு நாற்பதுக்குக் கூரை இறங்கியது. கூடத்துக்குள் ஒரே ஒருவர்தான் இருந்தார். உயிர் பிழைத்துவிட்டார். இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. இனி நடப்பது சந்தேகம் என்கிறார்கள்.

துறை சார்பில் நான் பார்க்கப் போனேன். அந்த அம்மா கட்டிலில் படுத்தபடியே கும்பிட்டார்.

"எங்களுக்காக மேல பேசுனது நீங்க ஒருத்தர்தானாம் சார். வீட்டுல சொன்னாரு. அந்த மனசு யாருக்கு வரும்?"

பழப் பையை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பத்து நாளில் விசாரணைக் குழு கூடியது. க்யூப் பாஸ், மாத்திரை பட்டியலில் உள்ள பொருள், தீர்மானம் ஏகமனதானது. ஆகவே தவறு எங்கும் இல்லை. கம்புகளைப் பிரித்த மேஸ்திரி ஒருவர்தான் மிச்சம்.

"கூரை சரியில்லைன்னு உனக்கு முன்னாடியே தெரியும்ங்கிற. அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல?" என்று குழுத் தலைவர் கேட்டார்.

மேஸ்திரி பதறவில்லை. வழக்கில் சாட்சி இருக்கிற மனிதரின் தைரியத்தோடு என் பக்கம் கையைக் காட்டினார்.

"சொன்னேன் சார். சார்கிட்டதான் சொன்னேன். அவரு மேல சொல்லி, எல்லாரும் பார்த்துட்டாங்கன்னு சொன்னாரு. சாரையே கேளுங்க."

தலைவர் என்னைக் கேட்டார். கான்கிரீட் அறிவியலுக்கு எங்கள் அலுவலகம் ஆற்றிய அரும்பணியில் பெரியவரின் பங்கு ஒரு யோசனை, கொள்முதல் அம்மாவின் பங்கு நாற்பது பெட்டி, க்யூப் அண்ணனின் பங்கு மூன்று கட்டி. என் பங்கு இரண்டே சொல்.

"இல்ல சார்," என்றேன்.