உள்மனசுக் கிராணி

ஒரு வகை மனிதர்கள் இருக்கிறார்கள். நீங்கள் தும்மினால் ஜலதோஷம் என்று ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள். உள்மனசிலிருந்து எதையோ வெளியே தள்ளப் பார்க்கிறீர் என்பார்கள். மலாயாவில் பெம்பான் பக்கத்திலிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் இந்த இனத்துக்கு ஒரே பிரதிநிதி, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி தனபாலன். ஒருவர் போதாதா?

மலாக்காவில் பழைய புத்தகக் கடையில் பிராய்டைப் பற்றிய தடிப் புத்தகம் ஒன்றை வாங்கிவந்தார். டாக்டரோடு சண்டை போட்டுச் சீடர்கள் பிரிகிற இடம் வரைக்கும்தான் கரையான் விட்டுவைத்திருந்தது. அதைப் படித்துவிட்டு, அந்த வியன்னா டாக்டரும் வேண்டாம், சீடர்களும் வேண்டாம், உளப்பகுப்பாய்வின் சரித்திரத்தையே திருத்தி எழுதப்போகிறேன் என்று கிளம்பிவிட்டார். "நம்ம பூசாரி உடுக்கை அடிச்சு, 'நீ யாரு, எதுக்கு வந்தே'ன்னு கேட்டப்ப வியன்னாவுல ஆளப் படுக்கவெச்சுக் கேள்வி கேக்குற சோபாவே கிடையாதுலா! நான் யாரு கட்சியும் இல்ல. சுதந்திரப் பார்வை!" என்பார். பாதிப் புத்தகம் படித்தவருக்குப் பார்வை சுதந்திரமாகத்தானே இருக்கும்?

அகப்பட்டவரைச் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்துக் கனவு கேட்பார். கனவில் பாம்பு வந்தால் அது மாமனார். வராவிட்டால், ஒளித்துவைத்த மாமனார். சிரித்துவிட்டுப் போவோம்.

ஆனால் அது, காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை வெள்ளைக்காரன் வேட்டையாடிய அவசரகாலம். தோட்டத்தைச் சுற்றி முள்வேலி, வாசலில் சோதனை. அடையாளக் கார்டு இல்லாதவரை லாரியில் ஏற்றிவிடுவார்கள். திரும்புவாரா என்று யாரும் சொல்ல முடியாது. ஒருநாள் காலை ரப்பர் பாலெடுக்க மரம் வெட்டக் கிளம்பிய அங்கமுத்துவின் பையில் கார்டு இல்லை.

"சட்டைய மாத்திட்டேங்க ஐயா, மறந்துட்டேன்" என்று கும்பிட்டார்.

வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் மொழிபெயர்க்கக் கிராணியைக் கூப்பிட்டார். 'மறந்துவிட்டார்' என்றால் தீர்ந்தது. சொன்னாரா? தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மறதி என்று உலகத்தில் எதுவுமே இல்லை, இந்த ஆளின் உள்மனசு கார்டை வெறுக்கிறது என்று சுத்தமான ஆங்கிலத்தில் விளக்கினார். எந்த டாக்டரை வேண்டாம் என்றாரோ அவருடைய சரக்கேதான்!

"கார்டை வெறுக்கிறான் என்றால் அரசாங்கத்தையும் வெறுக்கிறானா?"

"ஆழத்தில், இருக்கலாம்" என்றார் கிராணி, பெருமையாக. பாவி மனுஷன்!

அங்கமுத்துவை லாரியில் ஏற்றினார்கள். நல்லவேளை, லாரி கிளம்புமுன் விஷயம் கேள்விப்பட்டு அவர் மனைவி பெத்தம்மாள் தொழிலாளர் லயத்திலிருந்து தலைவிரிகோலமாக ஓடிவந்து, ஆணியில் தொங்கிய சட்டையிலிருந்து எடுத்த கார்டை இன்ஸ்பெக்டர் கையில் திணித்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அங்கமுத்துவை இறக்கிவிட்டார்.

"ஏங்க கிராணியாரே, மறந்துட்டாருன்னு ஒரு வார்த்த சொன்னா ஒங்க வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துரும்?" என்று பிடித்துக்கொண்டாள் பெத்தம்மாள்.

கிராணி எங்கள் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா? இந்தம்மாவுக்கு அவங்க அப்பா மேல கோவம்" என்றார்.

இந்த மனுஷன் ஏன் இப்படி? சின்ன வயதில் அடி வாங்கியிருப்பாரோ, வீட்டில் பேச்சு எடுபடாதோ என்று இவ்வளவு நேரம் யோசித்துக்கொண்டுதானே வந்தீர்கள்? தாராளமாக யோசியுங்கள். வாசலில் நிற்கிற இன்ஸ்பெக்டரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.