பரவும் பல்வலி

லீவு கேட்கப் பல்வலி என்று சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள், இருமல் என்றால் இருமிக் காட்ட வேண்டும், பல்வலிக்குச் சாட்சி தேவையில்லை என்று யோசித்துத்தான் டிசைனர் அதைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

"எந்தப் பல்லு?" என்று கேட்டார் முதலாளியம்மா.

அந்தக் கேள்விக்கு அவர் தயாராக வரவில்லை. கை இடது கன்னத்துக்குப் போயிற்று. வாய், "வலது பக்கம் மேடம்" என்றது.

"பரவுதா?"

"ஆமாம் மேடம். பரவுது."

முதலாளியம்மா அவர் தோளில் புடைத்துத் தொங்கிய பையைப் பார்த்தார். "பரவற வலியை வச்சுக்கிட்டு உட்காரக் கூடாது. என் தம்பி பல் டாக்டர்தானே. ஒரு போன் பண்ணிட்டு வந்து நானே கூட்டிட்டுப் போறேன்."

டிசைனர் போக வேண்டிய இடமே வேறு. பெரிய பிஸ்கட் கம்பெனி ஒன்றில் டிசைன் பிரிவுக்கு மேலாளர் தேடினார்கள். அன்றைக்குத்தான் நேர்காணல். தனி அறை, சுழல் நாற்காலி, போக வரக் கார். இங்கே நான்கே பேர், ஜன்னலோர மேசை, சோப்பு உறை, கடைப் பலகை.

வீட்டில் மனைவி, "என் தம்பிக்குக் கீழ இருபது பேர் வேலை செய்யறாங்க. உங்களுக்குக் கீழ மேசை டிராயர்தான் இருக்கு" என்றிருந்தாள். "உங்களுக்கு எது சந்தோஷமோ அதைச் செய்யுங்க. ஆனா இந்த வேலைக்குப் போங்க."

வேலை கிடைப்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. பேச்சில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பச்சை வேண்டும் என்று வருகிற வாடிக்கையாளர் நீலத்தை வாங்கிக்கொண்டு நன்றியும் சொல்லிவிட்டுப் போவார்.

காரில் ஏறியதும், "இப்ப வலி சுத்தமா நின்னுடுச்சு மேடம்" என்று சொல்லிப் பார்த்தார்.

"அதுதான் ஆபத்து. நரம்பு செத்துக்கிட்டு இருக்கு" என்று வண்டியின் வேகத்தைக் கூட்டினார் முதலாளியம்மா.

மருத்துவமனை நாற்காலியில் சாய்த்துக் கழுத்தில் துணி கட்டிய நர்ஸிடம், "பின்பக்கம் வழி இருக்கா?" என்று கிசுகிசுத்தார் டிசைனர்.

"இருக்கு சார். அம்மா காரை அங்கதான் நிறுத்தியிருக்காங்க."

டாக்டர் வாய்க்குள் விளக்கடித்தார். "சின்னதா ஒரு சொத்தை இருக்கே. அடைச்சுடலாம்."

பொய் பலித்துவிட்டது. ஊசி இறங்கியது. சிறிது நேரத்தில் நாக்கு யாரோ இரவல் கொடுத்தது போலக் கிடந்தது.

"நேரா வீட்டுக்குப் போய்ப் படுங்க" என்று சொல்லிவிட்டு முதலாளியம்மா கிளம்பியதும், டிசைனர் ஒரு வண்டியைப் பிடித்து எதிர்த்திசையில் பறந்தார். பாதி வழியில்தான் மடி காலியாக இருப்பது உறைத்தது. இத்தனை வருஷம் வரைந்ததையெல்லாம் அடுக்கிவைத்த பை பல் மருத்துவமனையில். திரும்பிப் போக நேரமில்லை.

நேர்காணலில் மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட அம்மாள்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க."

"நா... வழைவ... ழேலை..."

மூவரும் முன்னால் குனிந்தார்கள். அவர் கன்னத்தைக் காட்டி, கும்பிட்டு, காகிதம் வேண்டும் என்று சைகை செய்தார்.

"சரி, பத்துப் பேரை எப்படி நிர்வாகம் பண்ணுவீங்க? வரைஞ்சே காட்டுங்க."

பென்சில் ஓடத் தொடங்கியது. நீள மேசை. அதைச் சுற்றிக் கோட்டு போட்டவர்கள், ஒருவர் பேச மற்றவர்கள் கொட்டாவி விட, மூலையில் ஒரு ஆள் மட்டும் எல்லாவற்றுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு யானைக் குட்டி வரைந்துகொண்டிருந்தான். அந்த யானை அவர் சோப்பு உறைக்குப் போட்டது. பேருந்தில் ஒரு சிறுமி அதைக் கத்தரித்துப் புத்தகப் பையில் ஒட்டியிருந்ததைப் பார்த்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போயிருக்கிறார். அதன் காது சரியாக வரும்வரை ஒரு வாரம் காத்திருந்தவர் முதலாளியம்மா. எந்தக் கம்பெனியில் காதுக்கு ஒரு வாரம் கொடுப்பார்கள்?

அம்மாள் காகிதத்தை எடுத்துப் பார்த்துச் சிரித்தார். "இந்த மூலையில இருக்கறது யாரு?"

டிசைனர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"அப்ப மேலாளர் நாற்காலிக்கு வேற ஆளைப் பாத்துக்கறோம். நாங்க குழந்தைங்களுக்கு ஒரு பிஸ்கட் கொண்டு வரோம். அதோட டப்பாவை உங்க ஆபீஸ்ல வரைஞ்சு தருவீங்களா?"

பாதி வாயால் சிரிப்பது சுலபமில்லை. சிரித்தார்.

மனைவிக்குப் போன் செய்து, மரப்பு விட்டுக்கொண்டிருந்த நாக்கால் நடந்ததைச் சொன்னார். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"யானை வரையறப்ப சந்தோஷமா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப விடுங்க. என் தம்பிக்கு அந்த இருபது பேரால தூக்கமே கிடையாது."

பையை எடுக்கப் போகும் வழியெல்லாம் அவருக்கு யாரையாவது கும்பிட வேண்டும் போலிருந்தது. நாளைக்கு முதல் வேலையாக முதலாளியம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பாவம், பொய் வலிக்கு அவ்வளவு பதறினார்.

நர்ஸ் பையை நீட்டினாள்.

"ரொம்ப நன்றிம்மா. உங்க ஊசி மட்டும் இல்லைன்னா நான் இந்நேரம் மேலாளர் ஆகியிருப்பேன்."

"அதுக்குத்தானே சார் அம்மா கார்ல ஏறுறதுக்கு முன்னாடியே போன் பண்ணினாங்க" என்றாள் நர்ஸ். "'பல்லுல ஒண்ணும் இல்லாட்டியும் பரவாயில்லை, இன்டர்வியூ முடியற வரைக்கும் அந்த வாய் மரத்தே கிடக்கணும்'னாங்க."