அரை நாள் சமாதானம்

சுவரைப் பிடுங்குவது என்று முடிவாகிவிட்டது. யார் பிடுங்குவது என்பதில்தான் தகராறு.

சுவர் என்றால் பெரிய சுவர் ஒன்றுமில்லை. வட்டகொடை ஸ்டேஷன் கடைவீதியில், தங்கவேலுவின் ஜவுளிக் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டைப் பழைய தேயிலைப் பெட்டிப் பலகைகளை அறைந்து இரண்டாக்கியிருந்தார்கள். இந்தப் பக்கம் தங்கவேலு, அந்தப் பக்கம் அவர் தம்பி வைரவன். ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். கடை போர்டில் 'தங்கவேலு அன் பிரதர்' என்று எழுதியிருந்தது. "ஏன், பிரதருக்குப் பேரு கெடையாதா?" என்று வைரவன் கேட்டான். அண்ணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவ்வளவுதான் சண்டை.

இதில் பாவம், பரிமளம். தங்கவேலுவின் ஒரே மகள். வந்த நாலு வரனும் பிரிந்த குடும்பம் என்று கேள்விப்பட்டு ஓடிவிட்டன. ஐந்தாவதாக இன்றைக்குக் கந்தப்பளையிலிருந்து பொன்னையா முதலாளி சம்சாரத்தோடு பெண் பார்க்க வருகிறார். அவர் மகனைப் பரிமளம் தேர்த் திருவிழாவில் பார்த்திருக்கிறாள். பிடித்தும் இருந்தது. இதுவும் தட்டிப்போனால் அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி முழிப்பது? அதனால் வந்தவர்கள் போகிறவரை ஒற்றுமையாக நடிப்பது என்று ஏற்பாடு.

"பரிமளம், ஆணி அடிச்சவருதான் புடுங்கணும்னு ஒன் சித்தப்பாகிட்ட சொல்லு" என்றார் தங்கவேலு.

"அடிக்க வச்சவருதான் புடுங்கணும்னு ஒங்கப்பாகிட்ட சொல்லும்மா" என்றான் வைரவன், பலகைக்கு அந்தப் பக்கமிருந்து.

கடைசியில் கல்யாணப் பெண்ணே சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்து பிடுங்கிப் போட்டாள்.

சுவர் போனதும் அடுத்த வம்பு. அந்தப் பக்கத்து அலமாரியைத் தங்கவேலுவின் மனைவி மீனம்மா பார்த்துவிட்டாள்.

"அடி ஆத்தாடி! இந்த வெங்கலப் பானையத்தானே நான் ஆறு வருசமாத் தேடுறேன்!"

"அத்தை எனக்குக் குடுத்த பானை அது, அக்கா!" என்றாள் வைரவன் மனைவி நாகலெட்சுமி. கோபத்தில் துணியைக்கூட மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

தங்கவேலு பதறிப்போனார். "பரிமளம், வர்றவங்களுக்கு வெத்தலைத் தாம்பாளம் நீட்டுற மரியாதை ஒன் சித்திக்குத்தான்னு சொல்லு!"

நாகலெட்சுமி மூட்டையை அவிழ்த்தாள். மீனம்மா மூக்கைச் சிந்தினாள். "அப்ப பெத்தவ நான் எதுக்கு இருக்கேன்? அடுப்பூதவா?"

"சரி சரி, ரெண்டு பேருமே நீட்டுங்க!"

ரெயில் வந்துவிட்டது. தரகர் சிவசாமி முன்னால் வர, பொன்னையா வந்து ஒரு கோடியில் உட்கார்ந்தார். அவர் சம்சாரம் மறுகோடியில் உட்கார்ந்தாள். ஒரே தாம்பாளத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஓரகத்திகள் இருவரும் வந்தார்கள். வாசற்படி இருவருக்கும் சேர்த்துக் கட்டியதில்லை. மாட்டிக்கொண்டார்கள். யாரும் விடுவதாக இல்லை. பிறகு நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து உள்ளே வந்து சேர்ந்தார்கள்.

"பாத்தீங்களா ஒத்துமைய!" என்று தரகருக்கு வாயெல்லாம் பல்.

பொன்னையா சிரிக்கவில்லை. காட்டிய ஒற்றுமை பத்தவில்லையோ? தங்கவேலு தம்பிக்குக் கண்ணைக் காட்டினார்.

வைரவன் ஒரு லட்டை எடுத்தான். "அண்ணே, நீங்க மொதல்ல" என்று அவர் வாயருகே கொண்டுபோனான்.

அண்ணே! ஆறு வருஷமாகிறது அந்த வார்த்தையைக் கேட்டு. நடிப்பு என்று தங்கவேலுவுக்குத் தெரியும். தெரிந்தும் லட்டை வாங்காமல் தம்பி முகத்தையே பார்த்தார். போர்டில் இன்னொரு பெயர் எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆறு தீபாவளி வீணாகப் போய்விட்டதே, என்ன மனுஷன் நான் என்று அவருக்கே தன்மேல் ஆத்திரமாக வந்தது.

"தம்பி சாப்புடாம எனக்குத் தொண்டைல எறங்காதுங்க" என்றார் வந்தவர்களைப் பார்த்து. சொன்னது மெய்யாகவே வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது. வைரவன் அண்ணன் தோளில் சாய்ந்து குலுங்கினான். மீனம்மா தன் முந்தானையால் நாகலெட்சுமியின் கண்ணைத் துடைத்தாள். பரிமளம் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

வந்தவர்கள் மட்டும் நெளிந்தார்கள்.

"தரகரே, ரெயிலுக்கு நேரமாச்சான்னு கேளுங்க" என்றார் பொன்னையா.

"ஆச்சுன்னு சொல்லுங்க" என்றாள் அவர் சம்சாரம்.

தங்கவேலு எழுந்துவிட்டார். "என்னங்க, ஒரு வார்த்தை சொல்லாமக் கெளம்புறீங்க?"

"குடும்பம் தங்கமான குடும்பம். பொண்ணும் மகாலட்சுமியாட்டம் இருக்கு. ஆனா நமக்குச் சரிப்பட்டு வராதுங்க." பொன்னையா குடையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார். தரகர் பின்னாலேயே ஓடினார்.

பரிமளத்தின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. வைரவனுக்குப் பொறுக்கவில்லை. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பொன்னையாவின் சம்சாரத்தை மறித்துக் கும்பிட்டான்.

"அம்மா, அண்ணன் தம்பி எங்க ஒத்துமைல என்னம்மா கொறை கண்டீங்க?"

அந்த அம்மாள் பரிமளத்தின் கன்னத்தைத் தடவினாள். பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னாள்:

"பேச்சுவார்த்தை இல்லாத வீட்ல வளந்த பொண்ணு, நம்ம வீட்ல தாக்குப்பிடிப்பான்னு நம்பித்தான் ஆசையா வந்தோம் தம்பி, நானும் அவரும் பேசிப் பதினோரு வருசமாச்சு."