ஆண்டவருக்கு ஒளியூட்டிய உபகுழு

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்குப் பின் ஒளித்துறையில் நடந்த மாபெரும் நிகழ்வு, அரிப்பு என்ற கரையோர ஊருக்கு அப்பால் உள்ள எங்கள் சிற்றாலயத்தில் 'ஒளியூட்டல் உபகுழு' அமைக்கப்பட்டதுதான். நான் அதன் செயலாளர்.

பீடத்தருகே கண்ணாடிச் சட்டத்தில் ஒரு பழைய படம் இருக்கிறது. முள்முடியோடு ஆண்டவர், சுற்றிலும் நான்கு சேவகர். செப்புத்தகட்டில் கீறி அச்சிட்டது. அதன் சூட்சுமம் எளிது: கீறிய இடத்தில் மை நிற்கும், கீறாத இடம் வெறும் கடதாசி. ஆக, ஆண்டவரின் முகத்து ஒளி என்பது செதுக்கியவன் கைவைக்காமல் விட்ட இடம். சேவகர்களையோ கீறிக் கீறிக் கும்மிருட்டாக்கிவிட்டான். நொந்தவர் வெளிச்சத்தில், நோகடித்தவர்கள் இருட்டில்.

"இது பெரிய குறைபாடு," என்றார் தலைவர் அமிர்தநாயகம் மாஸ்ரர். "அடிக்கிறவன் ஆரெண்டே தெரியேல்லை. சனம் எப்பிடி அழுகிறது?"

உடனே கடற்கரைத் தூணில் இருந்த பெரிய விளக்கு ஆலயத்துக்குத் 'தற்காலிக இடமாற்றம்' பெற்றது.

மீன்பிடிக்கப் போகும் யாகப்பரின் மனைவி பிரான்சிஸ்கா ஓடிவந்தாள்.

"மாஸ்ரர், அந்த லைற்றைப் பாத்துத்தான் இவர் விடியப்புறம் கடலுக்குள்ள கிடக்கிற கல்லுக்கு விலத்தி வாறவர்."

"ஆண்டவரைப் பாத்து வரச்சொல்லு பிள்ளை."

"ஆண்டவர் தெரிவார் மாஸ்ரர். கல்லுத் தெரியாது."

இக்கருத்து 'கவனத்தில் எடுக்கப்பட்டது'. அதாவது, நான் எழுதிக்கொண்டேன்.

பெரிய வியாழன் விடியற்காலையில் யாகப்பரின் படகு கல்லில் மோதிப் பிளந்தது. அவர் ஒரு கையால் நீந்திக் கரை சேர்ந்தார். மற்றக் கை முறிந்திருந்தது.

மறுநாள் பெரிய வெள்ளி. சிலுவைப்பாதை முடிந்ததும் திறப்புவிழா. முதல் வரிசை வாங்கில் கையில் கட்டோடு யாகப்பர், பக்கத்தில் பிரான்சிஸ்கா. குழுவினர் நால்வரும் படத்தைப் பார்த்தபடி அதன் முன் வரிசையாக நின்றோம். தலைவர் விசையை அழுத்தினார். ஆலயமே பகலானது.

இங்கே ஒரு சிறு விஞ்ஞானம். பின்னால் கறுப்பு இருந்தால் எந்தக் கண்ணாடியும் முகம் பார்க்கும் கண்ணாடிதான். பின்னால் வெள்ளை இருந்தால் பிம்பம் எடுபடாது. ஆகவே ஆண்டவரின் முகம் அவருடையதாகவே இருந்தது. சேவகர்கள் நின்ற இருட்டில் மட்டும் நான்கு முகங்கள் பளிச்சென்று தோன்றின. இரண்டாவது, மூக்குக்கண்ணாடி போட்டது, என்னுடையது.

சபை முழுவதும் எட்டிப் பார்த்தது. பிரான்சிஸ்கா எழுந்தாள்.

"மாஸ்ரர், குறைபாடு தீந்திட்டுது. அடிச்ச எல்லாரையும் வடிவாத் தெரியுது."

உபகுழு அங்கேயே அவசரமாகக் கூடியது. விளக்கு இருக்கட்டும், படத்தின் கண்ணாடியைக் கழற்றுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம்.