பெலாச்சான் வாசனையுடன் ஒரு போன்

பழைய போன்களை விற்கவே கூடாது என்று ரபேல் முடிவெடுத்த அதே காலையில், விற்றே ஆக வேண்டும் என்று அவர் மனைவி மகதலேனா முடிவெடுத்தாள். கிள்ளானில் அந்த அடுக்குமாடி வீட்டில் இருபது வருஷமாக யார் முடிவு செல்லுபடியாகிறது என்று கீழ்வீட்டுக்காரர்களுக்கும் தெரியும்.

“கிறிஸ்மஸ் வருது. அந்த பிஸ்கட் டின் இனிமே இங்க இருக்கக்கூடாது. ஏழு போன், ஏழும் பட்டன் போன். ஆன்லைன்ல போட்டு விட்டுடுங்க.”

“போட்டுடறேன் லா.”

ஒன்று முதல் சம்பளத்தில் வாங்கியது. ஒன்று மகன் மார்வின் பிறந்த சேதியைச் சொன்னது. எதை விற்பது? எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத மனுஷன், விளம்பரம் போட்டார். போட்ட விதம்தான் வேறு. ஊரெல்லாம் ‘கீறலே இல்லை, புதுசு மாதிரி’ என்று எழுதும் இடத்தில், ‘திரையில் கோடு, பேட்டரி உப்பல், ஒன்பதாம் எண் அமுங்காது, ஸ்பீக்கரில் இறால் பெலாச்சான் விழுது வாசனை’ என்று எழுதினார். இனி ஒரு ஈ காக்கா வராது என்று நிம்மதியாக நுரை பொங்கும் தே தாரிக் டீ குடித்தார்.

மறுநாளே வாசலில் யுகேந்திரன் நின்றான். பழைய போன் வாங்கி விற்பவன். கையில் டார்ச் லைட்.

“அங்கிள், மூணு வருஷமா இந்த வியாபாரம் பண்றேன். உண்மைய எழுதுன ஒரே ஆளு நீங்கதான். டின்னோட எடுத்துக்கறேன்.”

ரபேல் டின்னின் அடியில் கிடந்த நீலப் போனைக் கையில் பொத்திக்கொண்டார்.

“இது செத்த போன் தம்பி.”

அவன் வாங்கிச் சார்ஜ் குழியில் டார்ச் அடித்தான். துரு இல்லை. மேசையில் வைத்துச் சுண்டினான். பேட்டரி உப்பியிருந்தால் பம்பரமாகச் சுற்றும், இது அசையவில்லை. ஒன்பதை அமுக்கினான், அமுங்கியது. கடைசியில் மோந்தும் பார்த்தான்.

“பவுடர் வாசனைதான் வருது அங்கிள்.”

“உனக்குச் சளி பிடிச்சிருக்கு.”

சார்ஜரைச் செருகியதும் திரை எரிந்தது. மகதலேனா எட்டிப் பார்த்தாள். இன்பாக்ஸில் ஒரே ஒரு மெசேஜ்: ‘ரயில் லேட். போயிடாதீங்க. மகதலேனா.’

ரபேல் திரையைத் தொட்டுக் காட்டினார். “அன்னிக்கு பிரிக்பீல்ட்ஸ்ல ரெண்டு மணி நேரம் நின்னேன். பூக்கடை அக்காகூட ‘அந்தப் பொண்ணு வராது, வீட்டுக்குப் போ’ன்னுட்டாங்க. அப்பதான் இது வந்துச்சு. அங்கயே நின்னு இருபது தடவ படிச்சேன். இதப் போய் விக்கச் சொல்றியே.”

மகதலேனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“மஞ்சச் சட்டை போட்டிருந்தீங்க. அயர்ன் பண்ணாம.”

“நின்னு நின்னு கசங்கிப்போச்சு.”

“தம்பி, இது விலைக்கு இல்ல,” என்றாள் அவள்.

ரபேலுக்குச் சொர்க்கம் தெரிந்தது. ஒன்றைக் காப்பாற்றிய கண்ணீர் மீதி ஆறையும் காப்பாற்றாதா? டின்னை மெல்லத் தன் பக்கம் இழுத்தார்.

மகதலேனா நீலப் போனின் பட்டன்களைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“இதுக்கு நீங்க என்ன பதில் போட்டீங்க?”

“அதெல்லாம் இப்ப எங்க இருக்கப்போவுது…”

அனுப்பிய மெசேஜ்களில் இருந்தது. அவளே சத்தமாகப் படித்தாள்: “‘எவ்வளவு நேரமானாலும் நிப்பேன். ஆயுசுக்கும் நீ சொல்றதுதான் சட்டம்.’”

டின்னை எடுத்து யுகேந்திரன் கையில் கொடுத்தாள்.

“மீதி ஆறையும் கொண்டுபோங்க தம்பி. இவரு அப்பவே எழுதிக் குடுத்துட்டாரு.”